ஒரே படத்துக்கு இரண்டு விமர்சனமா? தியேட்டருக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று

கிருஷ்ணகிரி கேபிள் (கேள்வி)

எங்கள் சித்தப்பா கிருஷ்ணகிரியில் ஒரு சின்ன கேபிள் சேனல் வைத்திருக்கிறார். காலையில் சாமி பாட்டு, மதியம் பழைய படம், திரையின் அடியில் ஓயாமல் நகைக்கடை, துணிக்கடை, மாங்கன்று நர்சரி விளம்பரம், அந்த ரகம். "ஊரில் வருகிற படம் ஒன்று விடாமல் பார்க்கிறாய், வீட்டுக்கு வந்தால் டிவியிலும் அதே வேலை. சனிக்கிழமை ராத்திரி பத்து நிமிஷம் வந்து பேசேன்" என்று என்னை உட்கார வைத்துவிட்டார். வெள்ளிக்கிழமை வந்த படத்தையும் சொல்ல வேண்டும், அந்த வாரம் ஓடிடியில் இறங்கியதையும் சொல்ல வேண்டும். அப்புறம் அதையே யூடியூபிலும் போடுவார்.

சிக்கல் என்னவென்றால், இங்கே என்னைக் கேட்பவர்கள் யாரும் "படம் எப்படி?" என்று கேட்பதில்லை. "போகலாமா, விட்டுப் பிடிக்கலாமா?" என்றுதான் கேட்கிறார்கள். நாலு வாரத்தில் டிவிக்கு வந்துவிடும் என்று பெரியகுளத்துப் பாட்டிக்குக்கூடத் தெரிந்திருக்கிறது. நாலு பேர் குடும்பமாகத் தியேட்டருக்குப் போனால் டிக்கெட், வண்டி நிறுத்தம், பாப்கார்ன், திரும்பி வர ஆட்டோ என்று ஒரு ஆளின் நாள் கூலி போய்விடும். அதனால் தியேட்டருக்கு ஒரு மார்க், வீட்டுக்கு ஒரு மார்க் என்று தனித்தனியாகப் போடலாமா என்று யோசிக்கிறேன். நண்பன் ஒருவன் அது ஏமாற்று வேலை என்கிறான். படம் ஒன்றுதானே, அதெப்படி இரண்டு மார்க் என்பது அவன் கேள்வி.

இன்னொரு சங்கடமும் உண்டு. ஊரில் ஒரு தியேட்டர்காரர் எங்கள் சேனலுக்கு விளம்பரம் கொடுக்கிறார். பாஸும் தருகிறேன் என்கிறார். வாங்கிக்கொண்டு படத்தைக் குறை சொன்னால் சித்தப்பாவுக்கு முகம் கொடுக்க முடியாது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஓசூர் எல்லைக்காரன்

இரண்டாகத்தான் போட வேண்டும். என் வாதம் எளிது. பல நேரம் அது ஒரே படமே இல்லை.

2024 ஜூலையில் வந்த இந்தியன் 2 நினைவிருக்கிறதா? வெளியான சில நாளிலேயே கிட்டத்தட்ட 12 நிமிஷம் வெட்டினார்கள். முதல் நாள் பார்த்துவிட்டு "நீளம்" என்று சொன்னவன் சொன்னது ஒரு படம், அடுத்த வாரம் போனவன் பார்த்தது வேறு படம். ஓடிடிக்கு வரும்போது எந்த வடிவம் வரும் என்று முன்கூட்டியே யாரும் சொல்வதில்லை. ஆகவே வீட்டுக்குத் தனியாக ஒரு முறை பார்த்துவிட்டுச் சொல்வதுதான் நேர்மை.

அப்புறம் எங்கள் ஊர்க் கணக்கே வேறு. தமிழ்நாட்டில் பெரிய படத்துக்கு முதல் காட்சியே 9 மணிக்குத்தான். எங்கள் தெருப் பையன்கள் விடியற்காலையிலேயே கர்நாடக எல்லையில் இருக்கும் அத்திப்பள்ளி தாண்டிப் போய் பெங்களூரில் பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள். கிருஷ்ணகிரியில் கதவு திறக்கும் முன்பே இங்கே வாட்ஸ்அப்பில் முடிவு வரை வந்துவிடும். டிக்கெட் விலையும் அப்படித்தான். இந்தப் பக்கம் அரசு வைத்த உச்சவரம்பு இருக்கிறது, அந்தப் பக்கம் வார இறுதியில் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. ஐநூறு கொடுத்துப் பார்த்தவனின் எரிச்சலும் நூற்று ஐம்பது கொடுத்துப் பார்த்தவனின் எரிச்சலும் ஒன்றா?

மொழியையும் மறந்துவிடாதீர்கள். உங்கள் மாவட்டத்திலேயே தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழியாக உள்ளவர்கள் ஏராளம். எங்கள் வீட்டில் அம்மா தெலுங்குப் படத்தைத் தெலுங்கில்தான் பார்ப்பார். தியேட்டரில் தமிழ் டப்பிங் மட்டும் ஓடும், ஓடிடியில் இரண்டும் கிடைக்கும். உதடு ஒரு பக்கம், வசனம் ஒரு பக்கம் போகிற டப்பிங்கை வைத்து நடிகரை எடைபோட்டால் அது அநியாயம்.

கேபின் தாத்தா, பாலக்கோடு

தம்பி, நான் தர்மபுரியில் ஒரு தியேட்டரின் கேபினுக்குள்ளேயே, அதாவது படம் ஓட்டுகிற அறைக்குள்ளேயே, தலை நரைத்தவன். புரொஜெக்டர் வெளிச்சத்துக்குக் கார்பன் குச்சி எரித்த காலத்தில் சேர்ந்தேன், கியூப் என்கிற டிஜிட்டல் முறை வந்து சில வருஷம் கழித்து வெளியே வந்தேன். இப்போது மகள் வீட்டில் டிவிதான் எனக்குத் தியேட்டர். இரண்டு பக்கமும் உட்கார்ந்து பார்த்தவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

ஓசூர்க்காரர் சொல்கிற விஷயமெல்லாம் சரி, ஆனால் அதற்காக இரண்டு மார்க் வேண்டாம். ஆனந்த விகடன் நூற்றுக்கு மார்க் போட்டு வந்தது உனக்குத் தெரிந்திருக்கும். 16 வயதினிலே படத்துக்கே 62.5தான் கிடைத்தது. படிக்கிறவனுக்கு அந்த அளவுகோல் பழகிப் போயிருந்தது. 45 என்றால் எந்த மாதிரிப் படம், 50 என்றால் எந்த மாதிரிப் படம் என்று பார்க்காமலே தெரியும். நீ தியேட்டருக்கு மூன்று, வீட்டுக்கு இரண்டரை என்று ஆரம்பித்தால் கேட்கிறவனுக்கு எதுவும் பழகாது. படம் எப்படி என்பது ஒரு பேச்சு, எங்கே பார்க்கலாம் என்பது வேறு பேச்சு. முதல் பேச்சை முடித்துவிட்டு அடுத்ததற்கு வா.

ஆனால் அதற்கும் முன்னால், நீ எங்கே பார்த்தாய் என்று சொல்லிவிடு. எந்த ஊர், எந்தக் காட்சி, கூட்டம் எவ்வளவு. இதைச் சொல்லாத விமர்சனத்தை நான் நம்புவதில்லை. ஏன் என்று கேள்.

திரையின் நடுவில் 14 ஃபுட் லாம்பர்ட் (திரை வெளிச்சத்தை அளக்கிற அலகு) வெளிச்சம் இருக்க வேண்டும் என்று ஒரு தரம் வைத்திருக்கிறார்கள். புரொஜெக்டரில் இருக்கும் செனான் விளக்குக்கு வயசாக ஆக அது இறங்கிக்கொண்டே வரும். விளக்கு விலை அதிகம், அதனால் முடிந்த மட்டும் ஓட்டுவார்கள். பாட்டும், பகலில் நடக்கிற காட்சியும் ஓடும்போது யாருக்கும் வித்தியாசம் தெரியாது. ராத்திரிக் காட்டுக்குள் சண்டை வரும்போதுதான் ஹாலில் "லைட்டப் போடுய்யா" என்று குரல் வரும். ஒளிப்பதிவு மங்கல் என்று சேனலில் சொல்வதற்கு முன் வெளியே வந்து டிரெய்லரில் அதே காட்சியைப் போனில் பார். போனில் முகம் தெளிவாகத் தெரிந்தால் கேமராமேன் மேல் குற்றமில்லை. கார்பன் காலத்தில் இந்தப் பழி நேராக எங்கள் தலையில் விழும். இரண்டு குச்சிக்கும் நடுவே இடைவெளி பிசகினால் திரை மஞ்சளடிக்கும், உடனே கீழேயிருந்து விசில் பறக்கும். இப்போது யாரைத் திட்டுவது என்று தெரியாமல் டைரக்டரைத் திட்டுகிறார்கள்.

வெளிச்சத்தைவிடச் சத்தம் பெரிய வில்லங்கம். ஒலிக்கலவை செய்கிற இடத்தில் ஃபேடரை, அதாவது சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகை, 7ல் வைத்துக் கேட்டுத்தான் கலப்பார்கள். தியேட்டரிலும் 7ல் வைத்தால் அவர்கள் கேட்டதை நாமும் கேட்போம். ஆனால் காது கிழிகிற மாதிரிக் கலந்த படம் வந்தால் ஆபரேட்டர் 5, 4.5 என்று இறக்குவான். பின்னணி இசையோடு வசனமும் சேர்ந்து இறங்கும். "வசனமே புரியல" என்று எழுதுவார்கள். 2024 நவம்பரில் கங்குவா வந்தபோது சத்தம் தாங்கவில்லை என்று புகார் கிளம்ப, தயாரிப்பாளரே தியேட்டர்களில் வால்யூமை இரண்டு புள்ளி குறைக்கச் சொன்னார். வியாழக்கிழமை முதல் காட்சி பார்த்தவனும் அதற்கப்புறம் போனவனும் கேட்டது ஒன்றல்ல. விமர்சனத்தில் யாராவது இதைக் குறித்தார்களா?

வீட்டில் கதை தலைகீழ். படம் ஆறு ஸ்பீக்கருக்கான 5.1 ஒலியில் வரும், டிவியில் இருப்பது இரண்டே ஸ்பீக்கர், அதுவும் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கும். வசனம் அமுங்கிவிடும், சண்டை வந்தால் பக்கத்து வீடு எழும். ஆடியோ அமைப்பில் ஸ்டீரியோ என்று இருந்தால் அதற்கு மாற்றச் சொல். உன் பத்து நிமிஷத்தில் இந்த ஒரு வரி போதும், பாதிக் கிருஷ்ணகிரி உன்னை வாழ்த்தும்.

இடைவேளையை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். நம் படங்கள் இடைவேளைக்காகவே எழுதப்படுகின்றன. ஒரு அடி விழும், விளக்கு எரியும், வெளியே போய் டீ குடித்துக்கொண்டே "அவன்தான் கொன்றிருப்பான்" என்று பேசுவோம். அந்தப் பேச்சும் படத்தில் சேர்ந்ததுதான். வீட்டில் இடைவேளை என்று எழுத்து வந்த அடுத்த நொடி இரண்டாம் பாதி ஓட ஆரம்பித்துவிடுகிறது. இல்லையென்றால் அங்கேயே நிறுத்திவிட்டு மிச்சத்தை மறுநாள் பார்க்கிறார்கள். இரண்டாம் பாதி இழுவை என்று ஊரே திட்டிய படம் மறுநாள் சாப்பாட்டுக்கு அப்புறம் பார்க்கிறவனுக்கு அவ்வளவு இழுவையாகத் தெரியாது. முதல் பாதி மெதுவாகப் போகிற படம்தான் வீட்டில் செத்துவிடும். தியேட்டரில் காசு கொடுத்தவன் உட்கார்ந்திருப்பான். வீட்டில் ரிமோட் கையில் இருக்கிறது. ஆகவே எங்கே பார்க்கலாம் என்று சொல்லும்போது படத்தின் வேகம் எந்தப் பாதியில் இருக்கிறது என்று பார்.

கூட்டம். முதல் நாள் முதல் காட்சியில் ரசிகர்களோடு உட்கார்ந்து விமர்சனம் சொல்லாதே. ஹீரோ வந்து பேசுகிற முதல் வசனமே உன் காதில் விழாது. அதே படத்தை வெறிச்சோடிய மேட்னியில் பார்த்தாலும் தப்பு, நகைச்சுவைக்குச் சிரிக்க ஆளில்லாமல் நல்ல ஜோக்கும் நமுத்துப் போகும். எங்கள் பக்கம் பெங்களூர், திருப்பூர் என்று வேலைக்குப் போனவர்கள் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் திரும்பும்போதுதான் ஹால் நிறையும். அந்த வாரம் சுமார் படம்கூட நிறைந்த ஹாலில் நல்லாத்தான் இருக்கும். அதையும் சொல்: "படம் சுமார், ஆனால் பண்டிகைக்குச் சொந்தக்காரர்களோடு போனால் நஷ்டமில்லை." இது ஏமாற்று வேலை இல்லை, தம்பி. கேட்கிறவனுக்கு வேண்டியது இதுதான்.

பாஸ் விஷயம்: வாங்காதே. கவுன்டரில் காசு கொடுத்து டிக்கெட் எடு.

பென்னாகரம் டீச்சர்

தாத்தா சொன்னதில் எனக்கு வேண்டிய ஒன்று விட்டுப்போயிருக்கிறது. எங்கள் வீட்டில் ஒரே டிவி, அது ஹாலில் இருக்கிறது. மாமியார், ஐந்தாவது படிக்கும் பையன், பத்தாவது படிக்கும் பெண், எல்லோரும் அதே சோபாவில். "குடும்பத்துடன் பார்க்கலாம்" என்று விமர்சகர்கள் சொல்கிறார்களே, யார் குடும்பம் அது?

2024 நவம்பரிலிருந்து சென்சார் சான்றிதழில் யுஏ என்பதை யுஏ 7+, யுஏ 13+, யுஏ 16+ என்று பிரித்திருக்கிறார்கள். போஸ்டரில் மூலையில் பொடியாக இருக்கும், யாரும் பார்ப்பதில்லை. தம்பி, நீங்கள் படத்தின் பெயரைச் சொன்ன கையோடு இதையும் சொல்லிவிடுங்கள். ஏன் 16+ என்றும் ஒரு வரி. ரத்தமா, கெட்ட வார்த்தையா, படுக்கையறையா? ரத்தம் என்றால் எங்கள் மாமியார் அசைய மாட்டார், டிவி தொடரில் பார்க்காத ரத்தமா. மற்றது என்றால்தான் எல்லோரும் ஒரே நேரத்தில் தண்ணீர் குடிக்க எழுந்து போவோம்.

ஓடிடி வேறு கதை. அதற்கு சென்சார் போர்டு சான்றிதழ் கட்டாயமில்லை. 2021ல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி அந்தந்த நிறுவனமே வயது போட்டுக்கொள்கிறது. தியேட்டரில் சத்தத்தை அணைத்த வார்த்தை சில படங்களில் வீட்டில் முழுசாகக் கேட்கிறது. தியேட்டரில் பார்த்து நம்பிப் பையனோடு உட்கார்ந்தவர்களின் நிலைமையை யோசியுங்கள்.

படம் எவ்வளவு நேரம் என்பதையும் கட்டாயம் சொல்லுங்கள். தர்மபுரியில் ஆறரை மணிக் காட்சிக்கு நாங்கள் வந்தால், இரண்டேகால் மணி நேரப் படம் என்றால் நிம்மதியாகப் பஸ் பிடிக்கலாம். மூன்று மணி நேரப் படம் என்றால் கிளைமாக்ஸ் முழுக்க என் வீட்டுக்காரர் கைக்கடிகாரத்தைத்தான் பார்ப்பார். நகரத்து விமர்சகர்களுக்கு இது கதையின் நீளம். எங்களுக்குக் கடைசி பஸ்.

மூணாவது வரிசை

எதற்கு இவ்வளவு ஆராய்ச்சி? கோடிக்கணக்கில் போட்டு எடுத்த படத்தைச் சனிக்கிழமையே ஊர் கேபிளில் பிரித்து மேய வேண்டுமா? படம் வந்து மூன்று நாள் விமர்சனம் போடாமல் பொறுங்கள் என்று தயாரிப்பாளர்கள் கேட்டது நியாயம்தானே. நீங்கள் எல்லாம் சேர்ந்துதான் திங்கட்கிழமை தியேட்டரைக் காலி செய்கிறீர்கள்.

ஓசூர் எல்லைக்காரன்

மூணாவது வரிசை அண்ணா, அந்த மூன்று நாள் கதை கோர்ட் வரை போய் வந்தது. 2024 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை தர மறுத்துவிட்டது, விமர்சனம் கருத்துச் சுதந்திரத்தில் வரும் என்று சொல்லி. அவதூறாகப் பேசினால் அதற்குத் தனிச் சட்டம் இருக்கிறது. திங்கட்கிழமை தியேட்டர் காலியாவதற்குக் காரணம் படம் பார்த்துவிட்டு வெளியே வந்தவர்கள், யூடியூப் இல்லாத காலத்திலும் அவர்கள் வாய் சும்மா இருந்ததில்லை. ஆனால் தியேட்டர் வாசலிலேயே மைக்கை நீட்டி, இடைவேளையில் வந்தவனிடம் "படம் எப்படி?" என்று கேட்கிற கூத்து எனக்கும் பிடிக்காது.

கேபிள் தம்பிக்கு இரண்டு விஷயம். ஹாலுக்குள் போனைத் தூக்கி ஒரு துண்டுகூடப் பதிவு செய்யாதீர்கள். 2023ல் திருத்திய ஒளிப்பதிவுச் சட்டப்படி மூன்று மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறை, அபராதம் குறைந்தது 3 லட்சம். நம் பையன்கள் ஸ்டேட்டஸ் வைக்கிறார்களே, அதைச் செய்யாதீர்கள். விமர்சனத்துக்காக அளவோடு துண்டைக் காட்டுவதற்கு 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52வது பிரிவில் இடம் இருக்கிறது, அதற்கு டிரெய்லரே போதும். இன்னொன்று, யூடியூபில் போடுவதால், பாஸ், பணம் எது வாங்கினாலும் அதைச் சொல்லியாக வேண்டும். 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை வழிகாட்டுதலே வெளியிட்டிருக்கிறது.

மார்க் விஷயத்தில் தாத்தாவோடு நான் இன்னும் ஒத்துப்போகவில்லை. மறுபடி வெட்டி ஒட்டி வருகிற படத்துக்குப் புதுசாக ஒரு தீர்ப்பு வேண்டும்.

கிருஷ்ணகிரி கேபிள்

எல்லோருக்கும் நன்றி. மார்க்கையே எடுத்துவிடுகிறேன். பெயர், வயதுச் சான்றிதழ், படத்தின் நேரம், நான் பார்த்த ஊர், காட்சி, கூட்டம். அதற்கப்புறம் படம். கடைசியில் யார் எங்கே பார்க்கலாம் என்று. வெட்டிய படம் ஓடிடிக்கு வந்தால் ஓசூர் அண்ணன் சொன்ன மாதிரி திரும்பப் பார்த்துவிட்டு, என்ன மாறியிருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

சித்தப்பாவிடம் பாஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் முறைத்தார். பிறகு, தியேட்டர் விளம்பரம் மற்ற நேரத்தில் ஓடும், உன் பத்து நிமிஷத்தில் அடியில் நகைக்கடை மட்டும் ஓடும் என்றார். நகைக்கடையைப் பற்றி நான் எதுவும் பேசப் போவதில்லை, ஆகவே பரவாயில்லை.

தாத்தா, ஒரு சந்தேகம். சத்தமும் வெளிச்சமும் சரியாகத் தெரிய ஹாலில் எங்கே உட்கார வேண்டும்?

கேபின் தாத்தா, பாலக்கோடு

நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு பின்னால், அகலத்தில் நட்டநடுவில். ஒலியைச் சரிபார்க்க வருகிற ஆட்கள் மைக்கை அந்த இடத்தை ஒட்டித்தான் வைப்பார்கள். பால்கனி ஓரம் கிடைத்தால் ஒரு பக்கத்து ஸ்பீக்கர் மட்டும்தான் கேட்கும். கடைசி வரிசை வேண்டாம், அங்கே உட்கார்கிறவர்கள் படம் பார்க்க வருவதில்லை. டிக்கெட் கொடுக்கிறவரிடம் சொல்லிக் கேட்டு வாங்கு. ஏசியை எப்போது அணைக்கிறார்கள் என்பதையும் கவனி. கூட்டம் குறைந்தால் இரண்டாம் பாதியில் அணைத்துவிடுகிற இடம் உண்டு, மே மாசத்தில் வேர்த்து ஒழுகிக்கொண்டு பார்த்த கிளைமாக்ஸை நீ "இழுவை" என்று சொல்லிவிடுவாய்.